காலம் கெட்டுப்போச்சு சார்!

தலைப்பைப் பாத்துட்டு கலிகாலப் புலம்பல்னு ஓடிடாதீங்க மக்களே. இது வேற காலம். மருந்துக் கம்பெனி லேப்ல ஹெச்பிஎல்சி மெஷின்ல மாட்டற ஒரு ஸ்டீல் குழாய்க்கும் 'காலம்'னுதான் பேர். அங்க பிரஷர் ஏறினாலும் சரி, பீக் கோணிக்கிட்டு வந்தாலும் சரி, எல்லாரும் ஒரே குரல்ல சொல்ற வசனம்தான் மேல இருக்கறது. பல நேரம் அது பொய். அந்தப் பொய்யை சொல்ல வைக்கறது யாருங்கறதுதான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டற நண்பர்களுக்காக ரெண்டு வரி. ஒரு பம்ப், ஒரு திரவத்தை அந்தக் குழாய் வழியா அழுத்தித் தள்ளும். குழாய்க்குள்ள பவுடர் மாதிரி சிலிக்கா, ஒவ்வொரு துகளும் 5 மைக்ரான், 3 மைக்ரான் அளவு. மாத்திரையைக் கரைச்சு ஊசியில விட்டா, அதுல இருக்கற பொருள்கள் ஒன்னொன்னும் தனித்தனி நேரத்துக்கு வெளிய வரும். டிடெக்டர் பாக்கும், கம்ப்யூட்டர் மலை மாதிரி ஒரு பீக் வரையும். அட்டையில 500 மில்லிகிராம்னு அச்சடிச்சிருக்கே, நிஜமா அவ்வளவு இருக்கான்னு சொல்றது அந்த மலையோட பரப்பளவுதான். அதாவது உங்க வீட்டு மாத்திரை டப்பா வரைக்கும் வர்ற விஷயம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பிரஷர் ஏறிடுச்சுன்னு வைங்க. கண்டுபிடிக்க ராக்கெட் அறிவு வேணாம், ஒரு ஸ்பேனர் போதும். டிடெக்டர் பக்கத்துல இருந்து பின்னாடி நோக்கி ஒவ்வொரு இணைப்பா கழட்டிட்டே வரணும். எதைக் கழட்டினதும் பிரஷர் விழுதோ, அடைப்பு அதுலதான். காலத்தையே கழட்டின பிறகும் விழலையா? அப்ப குற்றவாளி காலம் இல்லை. அதுக்கு முன்னாடி இருக்கற ஃபில்டரோ, இன்ஜெக்டரோ, டியூபோ. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாம புதுக் காலத்தைப் பிரிச்சு மாட்டறாங்க.

நான் பாத்த ஒரு லேப்ல இப்படியே வரிசையா மூணு காலம் மாத்தினாங்க. ஒவ்வொன்னும் சில நாள் ஓடும், அப்புறம் அடைச்சுக்கும். கடைசியில பாத்தா பம்ப்போட பிஸ்டன் சீல் தேஞ்சு, அதோட தூள் போய் ஒவ்வொரு காலத்தோட வாயிலயும் உக்காந்திருக்கு. சீலோட விலை எங்கே, மூணு காலத்தோட விலை எங்கே! நோயாளியை விட்டுட்டு பெட்ஷீட்டை மாத்தின கதை.

பிரஷர் ஏறாம, மேலயும் கீழயும் குதிக்குதா? பம்ப்ல காத்துக் குமிழ், இல்லை செக் வால்வு ஒட்டிக்கிட்டிருக்கு. பீக் வர்ற நேரம் நகருதா? ரூம் ஏசியைப் பாருங்க. வெப்பம் 1 டிகிரி மாறினாலே நேரம் சுமாரா 1 முதல் 2 சதவீதம் மாறும். பாட்டில் மூடி திறந்தே கிடந்து அசிட்டோநைட்ரைல் ஆவியாப் போனாலும் பீக் தாமதமா வரும். எல்லா பீக்கும், முதல்ல வர்றது கூட, வால் முளைச்சு வருதா? இணைப்புல இடைவெளி விழுந்திருக்கலாம். ஒரு கம்பெனி காலத்துல அழுத்திப் பதிஞ்ச ஃபெரூலை அப்படியே இன்னொரு கம்பெனி காலத்துல மாட்டினா நடக்கறது இதுதான். காரத்தன்மை உள்ள பொருளோட பீக் மட்டும் வால் விடுதா? அப்ப சிலிக்காவையும் பிஹெச்சையும் சந்தேகப்படுங்க. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு அறிகுறி இருக்கு. கைநாடி பாக்கறவன்தான் இல்லை.

காலம் சாகவே சாகாதான்னு கேப்பீங்க. சாகும். ஆனா அதை நிரூபிக்கணும். அதே காலத்தை வேற மெஷின்ல மாட்டிப் பாரு, இல்லை நல்லா ஓடற காலத்தை இந்த மெஷின்ல மாட்டிப் பாரு. ஒரு தடவைக்கு ஒன்னை மட்டும் மாத்து. ஜான் டோலன்னு ஒரு மனுஷன் 'எல்சிஜிசி' பத்திரிகையில 1980-கள்ல இருந்து 2010-கள் வரைக்கும் இந்தப் பழுது விஷயத்தையே மாசாமாசம் எழுதினார். அவர் திரும்பத் திரும்ப சொன்னதும் இதேதான்.

இதெல்லாம் நம்ம அனலிஸ்ட் பசங்களுக்குத் தெரியாதா? தெரியும் சாமி. இன்டர்வியூல கேட்டா ஒப்பிப்பாங்க. தெரிஞ்சும் செய்யறதில்லை, ஏன்னா செய்ய விடறதில்லை.

அட்டவணையைப் பாருங்க. சாம்பிள் இருக்கும், ஸ்டாண்டர்ட் இருக்கும், ரிலீஸ் தேதி சிவப்பு மையில இருக்கும். கழுவற நேரம் இருக்காது. பாஸ்பேட் பஃபர் ஓடின குழாயை கழுவாம நேரா அசிட்டோநைட்ரைலுக்குத் தாவினா உப்பு உள்ளேயே திரண்டுக்கும். முதல்ல 90 பங்கு தண்ணி, 10 பங்கு மெத்தனால் விட்டு உப்பை வெளியேத்தணும், அப்புறம்தான் மத்தது. 250-க்கு 4.6 மி.மீ குழாய்க்குள்ள நிக்கற திரவம் சுமார் 2.5 மில்லி. அதைப் போல 20 மடங்கு விட்டாலும் 50 மில்லிதான், நிமிஷத்துக்கு 1 மில்லி வீதம் 50 நிமிஷம். அந்த 50 நிமிஷத்தை மிச்சம் பண்ணி, அடுத்த நாள் அரை நாளைத் தொலைக்கறோம். பம்ப் தலையில கிணத்தடிச் சுவர் மாதிரி வெள்ளையா உப்பு பூத்திருக்கும், அதுக்குப் பக்கத்துலயே லாக் புக்குல 'கிளீனிங் முடிந்தது'ன்னு கையெழுத்தும் இருக்கும்.

சரி, பையன் வந்து "சார், பிரஷர் வழக்கத்தை விட ஜாஸ்தியா இருக்கு"ன்னு சொல்றான்னு வைங்க. பதில் என்ன? "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, நீ என்ன பண்ணே?" அவ்வளவுதான். அடுத்த தடவை அவன் வாயைத் திறப்பானா?

இங்கதான் சமாச்சாரம் சீரியஸ் ஆகுது. வாயை மூடிக்கிட்ட பையன் நைட் ஷிஃப்ட்ல என்ன செய்வான்? மெஷின் மேல நம்பிக்கை இல்லை, கேக்கவும் பயம். அதனால நிஜ சாம்பிளையே 'டிரையல்'னு பேர் போட்டு ஊசியில விட்டுப் பாப்பான். நல்லா வந்தா அதையே மறுபடி முறைப்படி ஓட்டுவான். வராட்டி டிரையல் ஃபைல் தனி ஃபோல்டர்ல தூங்கும். அமெரிக்க எஃப்டிஏ 2018 டிசம்பர்ல வெளியிட்ட டேட்டா இன்டெக்ரிட்டி வழிகாட்டியில இந்த வழக்கத்தைப் பத்தியே தனியா ஒரு கேள்வி-பதில் இருக்கு. வேண்டிய ரிசல்ட் வர்ற வரைக்கும் சோதிக்கறது கூடாது, கூடவே கூடாதுன்னு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1993-ல பார் லேபரட்டரீஸ் வழக்கிலேயே அமெரிக்க நீதிமன்றம் இதைக் கண்டிச்சாச்சு. ஆடிட்டர் அந்த ஃபோல்டரைத் திறக்கற அன்னிக்கு மாட்டறது யாரு? பையன். "நீ என்ன பண்ணே"ன்னு கேட்ட பெரிய மனுஷர் அன்னிக்கும் அதையேதான் கேப்பார்.

பையன் செஞ்சது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனா தேஞ்ச சீலுக்கும் ஒளிச்சு வெச்ச ஃபைலுக்கும் நடுவுல ஒரு நேர்க்கோடு ஓடுது. அதை வரைஞ்சது அவன் இல்லை.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும், தெரியும். ஒன்னு, "அதான் ஏஎம்சி போட்டிருக்கே, சர்வீஸ் இன்ஜினியர் வருவார்." வருவார். கூப்பிட்ட பிறகு வருவார். தினமும் வந்து உங்க பஃபரைக் கழுவிட்டுப் போகமாட்டார். ரெண்டாவது, "ஜிஎம்பி லேப்ல ஆளாளுக்கு ஸ்பேனர் எடுக்கக்கூடாது." இது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். அதுக்கு வழி ஸ்பேனரைப் பூட்டி வைக்கறது இல்லை. எது வரைக்கும் அனலிஸ்ட் கழட்டலாம், கழட்டினா எங்க எழுதணும், மாட்டின பிறகு ஸ்டாண்டர்டை ஓட்டி சிஸ்டம் சூட்டபிலிட்டி எப்படிப் பாக்கணும்னு எஸ்ஓபி-ல எழுதி, பயிற்சி கொடுக்கறது.

நான் கேக்கறது பெருசா ஒன்னுமில்லை. கழுவற நேரத்தை சாம்பிள் மாதிரியே அட்டவணையில போடுங்க. சீல், ஃப்ரிட், ஒரு லேம்ப் இதை அலமாரியில வாங்கி வைங்க. தினமும் வேலை ஆரம்பிக்கும்போது அதே காலம், அதே திரவம், அதே வேகத்துல பிரஷர் எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே அந்த நோட்டு சொல்லிடும். எல்லாத்துக்கும் மேல, பழுதுன்னு வந்து சொல்றவனைத் திட்டாதீங்க. சொன்னதுக்காக ஒரு டீ வாங்கிக் கொடுங்க :-)

மெஷின் கெட்டுப்போறது அவமானம் இல்லை. உலோகமும் ரப்பரும் தேயும், அதுதான் அதோட குணம். கெட்டதை சொல்ல முடியாத லேப்ல இருந்து வர்ற நல்ல ரிசல்ட்தான் பயமா இருக்கு. அந்த மாத்திரையை முழுங்கறது நம்ம அப்பா அம்மா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "எங்க லேப்பைத்தானே சொல்றீங்க"ன்னு யாராவது கேட்டா, இல்லைங்க. ஆனா அப்படித் தோணிச்சுன்னா, நாளைக்குக் காலையில போய் முதல் வேலையா பம்ப் தலையைப் பாருங்க.