வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு



போன வாரம் நமது ஊர் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு சகோதரியின் சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டு அறிவித்தல் வந்தது. பல வருடச் சீனி வருத்தம், பிரஷர், இப்போது டயலிசிஸ். நிறை அதிகம், முதலில் மெலிந்து வாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருப்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வந்த பதில்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "வாயைக் கட்டியிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?" "முதல்ல சோத்தைக் குறைக்கச் சொல்லுங்க, பிறகு காசு கேட்கலாம்." ஒருவர் சிரிக்கும் பொம்மை வேறு போட்டிருந்தார். எழுதியவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். ஆகவே இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டொக்டர்மார் மெலியச் சொல்வது தண்டனை அல்ல. புதிய சிறுநீரகத்தை வைப்பது முதுகுப் பக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்புக்கு உட்புறமாக வைத்து, காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மெலிந்தவருக்கு வெட்டியதும் இடம் தெரியும். பருமனானவருக்குக் கொழுப்பைத் தாண்டி ஆழத்துக்குப் போக வேண்டும், வெட்டும் நீளும். அந்த வெட்டு வருவதோ வயிறு மடிந்து எப்போதும் வியர்க்கிற இடத்தில். கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. சீனி இருந்தால் காயம் ஆற நாளெடுக்கும். புதிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும். அந்தக் காயத்தில் கிருமி தொற்றினால் சிறுநீரகமும் போகலாம், ஆளும் போகலாம். இந்தப் பயத்தால்தான் பிஎம்ஐ 35, 40 தாண்டியவர்களுக்கு உலகின் பல நிலையங்கள் கதவைச் சாத்தின.

சிகாகோவில் இல்லினோய் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் 2009இல் வேறு விதமாக யோசித்தார்கள். பிரச்சினை ஆளிலா, வெட்டிலா? வெட்டில் என்றால் வெட்டை மாற்றுவோம். அடிவயிற்றை விட்டுவிட்டு, வயிற்றின் மேற்பகுதியில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் கீறல் போட்டு, அதன் வழியே சிறுநீரகத்தை உள்ளே அனுப்பினார்கள். சின்னத் துளைகளால் நுழைந்த ரோபோவின் கைகளால் இரத்தக் குழாய்களைத் தைத்தார்கள். தைத்தது ரோபோவின் கை, அதை ஆட்டியது பக்கத்தில் திரைக்கு முன் அமர்ந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணர். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ரோபோ முறையில் 28 பேர், வழமையான முறையில் செய்யப்பட்ட பருமனான 28 பேர். வழமையான முறையில் 8 பேருக்குக் காயத்தில் கிருமி தொற்றியது. ரோபோ முறையில் ஒருவருக்கும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் சிறுநீரகம் ஒரே அளவில் வேலை செய்தது. இத்தனைக்கும் ரோபோ பக்கத்தில் இருந்தவர்கள்தான் கூடப் பருமன். சராசரி பிஎம்ஐ 42.6. ஐந்தடி மூன்றங்குல ஆளுக்கு அது 109 கிலோ! 2018 வரைக்கும் அந்த ஒரே இடத்தில் 239 பேருக்குச் செய்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். அங்கேயும் "வாயைக் கட்டு" என்ற பேச்சை அதிகம் கேட்டு வளர்ந்த சனம்.

இது ஒரு நிலையத்தின் அனுபவம், சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, செலவும் கூட. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று நிரூபணமாகிவிட்டது. "இவருக்குச் செய்ய முடியாது" என்பதில் பாதி, அன்றைக்குக் கையில் இருந்த கத்தியைப் பற்றிய பேச்சு. சிறுநீரக வைத்தியர்களின் சர்வதேச அமைப்பான கேடிகோ 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் உடற்பருமனை மட்டும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்க வேண்டாம், நிறை குறைக்க அவருக்கு உதவுங்கள் என்கிறது. படித்த வைத்தியர்கள் அப்படிச் சொல்லும்போது, கிரியேட்டினின் என்றால் என்னவென்று தெரியாத நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

டயலிசிஸ் செய்யும் ஒருவர் மெலிவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலு மணித்தியாலம் மெஷினில் கிடந்து வீட்டுக்கு வந்தால் அன்றைய நாள் முடிந்தது. பழம் சாப்பிடச் சொல்ல முடியாது, பொட்டாசியம் ஏறும். இளநீர் கூடாது. தண்ணீருக்கே அளவு. தராசில் ஏறும் கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தேங்கிய நீர் என்பதே தனிக் கணக்கு. அவரைப் பார்த்து "கடற்கரையில் ஓடுங்க" என்பவர், ஒரு நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கட்டும்.

இனி மற்றப் பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும். ரோபோ வீடியோ ஒன்றைப் போட்டு, "சென்னைக்குக் கொண்டுபோனா முடிஞ்சுது" என்று வங்கிக் கணக்கிலக்கத்தைச் சுற்றிவிடுகிறவர்கள். இந்தியாவில் ரோபோ முறை இருப்பது உண்மை. 2013இலேயே டெல்லிக்குப் பக்கத்தில் மெதாந்தாவில் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ரோபோ சிறுநீரகம் தராது. அதை ஒரு மனிதர்தான் தர வேண்டும். தந்த பிறகும் ஆயுள் முழுக்க மருந்து. அந்த நிலையத்தில் இந்த எடையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், கிருமித் தொற்று எத்தனை பேருக்கு, ஊருக்கு வந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் இருபது முப்பது லட்சம் சேர்ப்பது உதவியா? சிறுநீரகமும் "ஏற்பாடு" செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நமது நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுக்கிறது. அப்படியிருந்தும் 2016இல் கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளின் பெயர் சிறுநீரக வியாபாரத்தில் அடிபட்டு, வெளிநாட்டவருக்கு மாற்று சத்திரசிகிச்சை செய்வதையே அரசு நிறுத்திவைத்தது.

அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. "மார்க்கத்தில் கூடுமா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹ் சபை நிபந்தனைகளோடு அனுமதித்து இத்தனை வருடமாகிறது. இந்த நாட்டில் 1985இல் முதல் சிறுநீரக மாற்றைச் செய்த குழுவின் முன்னணியில் நின்றவரே பேராசிரியர் றிஸ்வி ஷெரீப். ஜும்மா மேடையில் இதைப் பேச ஏன் தயக்கம்?

கடைசியாக வாயைப் பற்றி. அந்தச் சகோதரியின் வாய் தனியாகச் சாப்பிடவில்லை. வலீமாவில் சஹனைச் சுற்றி உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கட்டாயப்படுத்தியது நாம். சாப்பாட்டைக் குறைத்தவரை "என்ன, வருத்தமா?" என்று கேட்டதும் நாம். பெண் பிள்ளை ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்துகிறோம், பிறகு இரவு எட்டு மணிவரை டியூஷனில் இருத்துகிறோம். நாற்பது வயதில் அவள் சுபஹுக்குப் பிறகு வீதியில் நடக்க வந்தால் ஹோட்டல் வாசலில் பிளேன்டீயோடு நின்று பார்த்துச் சிரிக்கிறோம். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை இத்தனை மைதானம் இருக்கிறதே, காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கென்று ஒதுக்கிய மைதானம் உங்கள் ஊரில் எது? கொமன்ட்டில் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் விளையாட்டுக் கழகத் தலைவரை டேக் பண்ணுங்கள், நானும் வந்து பேசுகிறேன்.