வண்ணம் பூசுமுன் ஓர் எண்ணம்

நோன்புப் பெருநாள் நெருங்கினாலும், இல்லத்தில் நிக்காஹ் நிச்சயமானாலும் வீட்டுக்குப் புதுவண்ணம் பூசுவது நம் மக்களின் வழக்கம். தூய்மையை இறைநம்பிக்கையின் பாதியாகப் போற்றும் சமுதாயத்திற்கு இது இயல்பே. ஆயினும் பழைய வீடுகளில், பூசுவதற்கு முன்னர்ச் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. ஏற்கெனவே படிந்துள்ள வண்ணத்தில் காரீயம் கலந்துள்ளதா எனச் சோதித்தறிவதே அப்பணி. அதனை நாம் பெரும்பாலும் செய்வதில்லை.

'ஈயம்' என்னும் சொல் நம் வழக்கில் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக நிற்கிறது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவது வெள்ளீயம், காரீயமோ நஞ்சு. வண்ணம் வெண்மை பெறவும், மஞ்சளும் சிவப்பும் ஒளிரவும், பூச்சு விரைவில் உலரவும் காரீயச் சேர்மங்களைக் கலந்து வந்தனர். முற்காலத்தில் 'சபேதா' என வழங்கிய வெண்பொடியும் காரீயத்தினின்று பெறப்பட்டதே. சுண்ணாம்பு அடித்த சுவரைக் குறித்து இந்த அச்சம் தேவையில்லை. எண்ணெய் வண்ணம் ஏறிய கதவு, சன்னல், இரும்புக் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றையே நாம் ஐயுறல் வேண்டும்.

உலகம் இதனை அறிந்தது நேற்றன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்கர்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர், குழந்தைகளைப் பற்றிய காரீய நோய்க்குத் தாழ்வாரக் கைப்பிடிகளின் வண்ணமே காரணம் என 1904ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அமெரிக்க நாடு 1978இல் வீட்டு வண்ணங்களில் காரீயத்தைத் தடை செய்தது. 1992இல் அங்கு இயற்றப்பட்ட சட்டப்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தாம் அறிந்த காரீயக் கேட்டினை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். வாங்குபவர் சோதித்துப் பார்க்க 10 நாள் அவகாசமும் உண்டு.

நம் நாட்டில் 2016இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வண்ணத்தில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது அவ்விதி. எனினும் அது புதிதாகச் செய்து விற்கும் வண்ணத்தையே கட்டுப்படுத்தும். பாட்டனார் காலத்துக் கதவில் படிந்திருப்பதை நாமேதான் சோதித்தறிய வேண்டும்.

திறந்து மூடும்போது சன்னல் உராய்ந்து வண்ணம் தூளாகிறது. வெயிலிலும் கடற்காற்றிலும் வெடித்துப் பொருக்குகளாக உதிர்கிறது. தவழும் குழந்தை அதனைத் தொட்ட விரலை வாயில் வைக்கிறது. உட்சென்ற காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியோர் உடலைவிட 4 முதல் 5 மடங்கு மிகுதியாக ஏற்கும் என்றும், தீங்கற்ற அளவு என ஒன்று இதில் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளை வளர்ச்சி குன்றுகிறது, கவனம் சிதறுகிறது. பாடம் ஏறாத பிள்ளையை 'மந்தம்' என எளிதில் முத்திரை குத்தும் ஆசிரியர்களாகிய நாம், அதன் வேர் அப்பிள்ளையின் வீட்டுச் சன்னலிலும் இருக்கக்கூடும் என எண்ணிப் பார்த்ததுண்டா?

"மூன்று தலைமுறையாக இவ்வீட்டில் வாழ்கிறோம், எங்களுக்கு என்ன நேர்ந்துவிட்டது?" எனச் சிலர் வினவலாம். குறைந்துபோன அறிவாற்றலுக்குத் தழும்பு இல்லை. ஆதலின் இழந்தவரும் இழப்பை உணர்வதில்லை. மேலும், நஞ்சு மிகுதியாகப் பரவுவது பழுது பார்க்கும் நாளில்தான். பழைய வண்ணத்தை உலர்நிலையில் உப்புத்தாளிட்டுத் தேய்த்தாலும், தீயால் பொசுக்கினாலும் வீடெங்கும் நச்சுத்தூள் படியும். அதனை முதலில் சுவாசிப்பவர் கூலிக்கு வந்த வண்ணத் தொழிலாளி. அவர் ஆடையில் ஒட்டியது அவருடைய குழந்தைகளையும் சென்றடையும்.

சோதனை அரிதன்று. எக்ஸ்-கதிர்க் கருவி வண்ணத்தைச் சிதைக்காமலே காரீயத்தைக் காட்டும். அக்கருவி கிட்டாத ஊர்களில், அடிப்பூச்சு வரை எல்லா அடுக்குகளும் அடங்கிய பொருக்கினை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். காரீயம் இருப்பினும் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சைக் கலைக்காது அதன்மேல் புதுவண்ணம் பூசி, அவ்வப்போது கவனித்து வரலாம். உதிரும் இடத்தை நீரால் நனைத்தே சுரண்ட வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்போது அப்புறப்படுத்த வேண்டும். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு, ஈரத்தை மறைத்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே பளபளக்கும் புதுவண்ணமும் அடியில் உதிரும் காரீயமும் அக்குவியலை ஒத்தனவே. வீட்டை விற்போரும் வாடகைக்கு விடுவோரும் உள்ளிருப்பதை உரைப்பது, சட்டம் வற்புறுத்தாவிடினும் மார்க்கம் வற்புறுத்தும் கடமையன்றோ?

எனவே ஜமாஅத் பெரியோர் முதற்கண் சிறார் பயிலும் மதரஸாக்களையும் மழலையர் பள்ளிகளையும் சோதிக்க முன்வரல் வேண்டும். மாணவச் செல்வங்கள் தத்தம் முஹல்லாவில் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து உதவலாம். குழந்தைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் வீடு அழகியதாக மட்டுமன்றி, நஞ்சற்றதாகவும் அமைய வல்ல இறைவன் அருள்புரிவானாக!