எரியுமா, எரியாதா?



பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்ற எழுத்து பழகிப்போன ஒன்று. அதே பெட்ரோலுக்கு அமெரிக்காவில் 'ஃப்ளேமபிள்' என்று எழுதுகிறார்கள். எதிர்ப்பதம் போலத் தோன்றும் இந்த இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றக்கூடியது.

'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது, 'இன்கரெக்ட்' என்றால் தவறானது என்று படித்து வளர்ந்த பிள்ளைகள், இன்ஃப்ளேமபிளை 'எரியாதது' என்று எழுதினால் அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்பது. மற்றது உள்ளே என்பது. மூட்டு சிவந்து வீங்கினால் டாக்டர் 'இன்ஃப்ளமேஷன்' என்கிறாரே, அதில் இருப்பது இந்த இரண்டாவது.

வயதில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டிய ஃப்ளேமபிள் வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் அதைத் தூசு தட்டி எடுத்தது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதே வழிக்கு வந்தது. பழைய சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், பீப்பாய் அருகே பீடி பற்றவைக்கப் போகிறவரிடம் லத்தீன் வேர்ச்சொல் விளக்கம் எடுபடுமா? பெட்ரோலில் முதலில் பற்றுவது அதன் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். பண்டிதர்களைவிடத் தீயணைப்புக்காரர்கள் சொல்வதைக் கேட்பதே இங்கே நல்லது என்பது என் கட்சி.

'காலி' என்ற எளிய சொல்லே தீ வைத்த கதையும் உண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளருக்குப் பிழைப்பு, தீ காப்பீட்டு நிறுவன வேலை. பெட்ரோல் பீப்பாய்களிடம் ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறவர்கள், காலிப் பீப்பாய் என்றதும் பக்கத்திலேயே புகைபிடித்து, சிகரெட் துண்டையும் வீசிவிடுவதை அவர் கவனித்து எழுதினார். உள்ளே ஆவி மிச்சமிருப்பதால் காலிப் பீப்பாயில்தான் ஆபத்து அதிகம்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே இன்ஃப்ளேமபிள் இருப்பதால் அதை ஒரேயடியாக மறந்துவிட முடியாது. இருந்தாலும் நீங்கள் எச்சரிக்கைப் பலகை எழுதினால் ஃப்ளேமபிள் போடுங்கள். எரியாத பொருளுக்கு 'நான்-ஃப்ளேமபிள்'. மேடையில் தீப்பொறி பறக்கப் பேசுகிற அரசியல்வாதியின் பேச்சு மட்டும் என்றைக்கும் 'இன்ஃப்ளமேட்டரி'தான். அங்கே போட்டிக்கு வேறு சொல் வரவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்