தீர்ப்பின் மறந்துபோன பாதி

2024 செப்டம்பர் 3 அன்று அருப்புக்கோட்டையில் ஒரு பெண் டி.எஸ்.பி.யின் தலைமுடியைப் பிடித்து இழுத்த காட்சியைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. திருச்சுழிப் பக்கம் கொலையுண்ட ஓர் ஓட்டுநரின் உறவினர்களும் ஊர்க்காரர்களும் நீதி கேட்டு மறியலில் இறங்கிய நேரத்தில் நடந்தது அது. அதிகாரியின் மேல் கைவைத்தவர்கள் கைதானார்கள், அதில் தவறேதுமில்லை. ஆனால், செத்துப்போன அந்த ஓட்டுநர் யார், எதற்காகக் கொல்லப்பட்டார் என்று இன்று கேட்டால், விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே பதில் சொல்ல ஆளில்லை. அன்றைக்கு எல்லாக் கேமராக்களும் அந்தச் சில நொடித் தள்ளுமுள்ளிலேயே நின்றுவிட்டன.

குற்றம் இன்று நன்றாக விற்கிறது. ஓடிடி தளங்களில் தொடர், யூடியூபில் பழைய கொலை வழக்குகளைக் கதையாகச் சொல்லும் சேனல்கள், வார இதழ்களில் முன்னாள் போலீஸ் அதிகாரிகளின் நினைவுத் தொடர் என்று வருகின்றன. இந்த வகை எழுத்துக்கும் படத்துக்கும் இந்தியா முழுமைக்குமான சட்டப் பாதுகாப்பை வாங்கித் தந்தவர் இதே அருப்புக்கோட்டையின் மகன். நக்கீரன் கோபால் என்று சொன்னால்தான் தெரியும். உச்ச நீதிமன்ற ஏடுகளில் அவர் பெயர் ஆர்.ராஜகோபால்.

1988இல் அவர் தொடங்கிய இதழுக்குப் பெரிய சோதனை வந்தது ஆட்டோ சங்கர் விவகாரத்தில். சென்னை திருவான்மியூர்ப் பகுதியில் ஆறு பேரைக் கொன்ற வழக்கில் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று சங்கருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிறையில் இருந்தபடி அவர் தன் கதையைச் சுமார் 300 பக்கம் எழுதினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கம் அதில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. நக்கீரன் அதைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்ததும், 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து கடிதம் வந்தது: இது போலி, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம். கோபால் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு 1994 அக்டோபர் 7 அன்று வந்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு மட்டும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோதும் இதை எடுத்துப் பேசினார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பாதிகள் உண்டு. அரசோ அதிகாரிகளோ ஓர் எழுத்தை வெளிவருவதற்கு முன்பே தடுக்க முடியாது என்பது முதல் பாதி. அவதூறு என்று நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும். அரசுப் பணியில் செய்த காரியங்களுக்கு அதிகாரிகள் அந்தரங்கக் கவசம் மாட்டிக்கொள்ள முடியாது. இரண்டாம் பாதி சாதாரண மனிதருக்கானது. ஒருவரின் வீடு, குடும்பம், மணவாழ்க்கை ஆகியவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். ஆனால், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. அதிகாரத்திடம் அச்சமின்மையும் அடிபட்டவரிடம் அடக்கமும் சேர்ந்தால்தான் இந்தத் தீர்ப்பு முழுமை பெறும். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்க் குற்ற எழுத்து முதல் பாதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கோபாலின் வாழ்க்கையிலேயே இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. வீரப்பனைக் காட்டுக்குள் போய்ப் பார்த்து, பேசவைத்து, வீடியோவில் பதிவுசெய்தது அவருடைய இதழ். 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் பிணையாக இருந்தபோது இரு மாநில அரசுகளும் தூது அனுப்பியது இவரைத்தான். 2003இல் பொடா சட்டத்தில் கைதாகிப் பல மாதம் சிறையிலும் இருந்தார். அந்தப் பழைய வீடியோக்களை வைத்து அவர் மகள் தயாரித்து, சரத் ஜோதி இயக்கிய ‘கூச முனிசாமி வீரப்பன்’ ஆவணத் தொடர் 2023 டிசம்பரில் வெளிவந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு வீரப்பன் பேசும் காட்சிகளைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். என்னை அசைத்தது வேறு. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் ‘ஒர்க்‌ஷாப்’ என்று அந்த மலைமக்கள் இன்றும் நடுங்கிச் சொல்லும் சித்திரவதை முகாமுக்குள் போய்வந்தவர்கள் பேசும் பகுதிகள். சதாசிவா குழு விசாரித்து, 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் கொடுக்கச் சொல்லி 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்த கொடுமை அது. அந்த மனிதர்கள் கதையின் நடுவில் வந்திருக்க வேண்டியவர்கள். பெரிய மீசைக்காரனின் கதைக்குள் ஒரு கிளைக்கதையாக வந்து போகிறார்கள். பாலாற்றில் 1993 ஏப்ரலில் கண்ணிவெடிக்குப் பலியான 22 பேரின் வீடுகளுக்கும் இதே கதிதான்.

2018இல் குற்றம் அவருடைய சொந்த ஊருக்கே வந்தது. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த ஆடியோ ஏப்ரலில் வெளியானது. அதில் ஆளுநரைத் தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரைகளுக்காக ஆளுநர் மாளிகையின் புகாரில், அக்டோபர் 9 அன்று சென்னை விமான நிலையத்தில் கோபால் கைதானார். ஆளுநரை மிரட்டிப் பணியைத் தடுப்பதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஆவது பிரிவைப் பத்திரிகைக் கட்டுரைக்குப் போட்டார்கள். ‘இந்து’ என்.ராம் நீதிமன்றத்துக்கே வந்து பேசினார். எழும்பூர் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார். முதல் பாதி அன்று வென்றது. அதே வேளையில், அந்த மாணவிகளின் குரல் பதிவான ஆடியோ தொலைக்காட்சிகளிலும் வாட்ஸப்பிலும் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன ஊர் இது. குரலை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் உதவிப் பேராசிரியைக்குப் பத்தாண்டு சிறை விதித்தது, உடன் குற்றம்சாட்டப்பட்ட மற்ற இருவரை விடுவித்தது. அந்த ஆறு ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எப்படித் தலைநிமிர்ந்து நடந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

குண்டாறு பாயும் இந்த வறண்ட சீமையில் போலீஸ் சொல்லும் கதையை அப்படியே நம்பும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. கிழக்கே கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம், பிறப்பாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதி வைத்த கைரேகைச் சட்டம் 1947வரை அமலில் இருந்தது. எஃப்.ஐ.ஆரின் மறுபக்கத்தைத் தேடும் குணம் இந்த மண்ணிலிருந்து எழுந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தக் குணத்தை இன்னோர் எல்லைக்குக் கொண்டுபோனவர் அதே அருப்புக்கோட்டையிலிருந்து வந்த திவ்யபாரதி.

2015 அக்டோபரில் மதுரையில் செப்டிக் டேங்க் சுத்தம்செய்ய இறங்கிய இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கான போராட்டத்தில் நின்ற திவ்யபாரதி, கேமராவைத் தூக்கினார். ஒளிப்பதிவு மதுரையின் பழனிக்குமார். மக்களிடம் பணம் திரட்டி, மாவட்டம் மாவட்டமாக அலைந்து எடுத்த ‘கக்கூஸ்’ 2017இல் வெளிவந்தது. இதைத் துப்புரவுப் படம் என்று ஒதுக்குகிறார்கள். நான் அதைத் துப்பறியும் படம் என்பேன். மனிதரை அபாயமான கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் விஷவாயுச் சாவுகள் ‘சந்தேக மரணம்’ என்றும் ‘கவனக்குறைவு’ என்றும் காவல் நிலையத்தில் பதிவாகிக் கரைந்துபோகின்றன. இறக்கிவிட்டது யார், காண்ட்ராக்ட் யாருடையது, எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார் என்று கொலை வழக்கில் கேட்கும் கேள்விகளைத்தான் இந்தப் படம் கேட்கிறது. கேட்பவர்கள் விதவைகளும் தொழிலாளிப் பெண்களும். தங்கள் கதையைத் தாங்களே, தாங்கள் விரும்பிய சொல்லில், முகத்தை மறைக்காமல் சொல்கிறார்கள். தீர்ப்பின் இரண்டாம் பாதி கேட்ட சம்மதம் இங்கே இருக்கிறது. முதல் பாதி கேட்ட துணிச்சலும் இருக்கிறது.

பதிலுக்குத் திவ்யபாரதி பெற்றது வழக்குகள். நாகர்கோவிலில் திரையிடப் போலீஸ் அனுமதி மறுத்தது. முன்கூட்டித் தடுக்காதே என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன காரியத்தை, அரங்கத்தைப் பூட்டி நடத்தி முடித்தார்கள். விடுதியில் பாம்பு கடித்து இறந்த தலித் மாணவருக்காக 2009இல் போராடிய பழைய வழக்கைத் தூசுதட்டி, 2017 ஜூலை 25 அன்று மதுரையில் கைதுசெய்தார்கள். படத்தில் சாதிப் பெயர் வந்தது குறித்த புகாரில் இன்னொரு வழக்கு. கைபேசியில் ஆபாச மிரட்டல்கள் வேறு. ஒக்கிப் புயலில் கைவிடப்பட்ட குமரி மீனவர்களைப் பற்றிய ‘ஒருத்தரும் வரேல’ படத்தின்போதும் இந்தத் தொல்லை ஓயவில்லை. தொட்டிச் சாவுக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் செய்தவனைக் கூண்டில் ஏற்றும் வேலையை அந்தத் தொகை செய்யாது. அதற்கு ‘கக்கூஸ்’ போன்ற படங்கள்தான் வேண்டும்.

எடுக்க வேண்டிய அடுத்த படம் அருப்புக்கோட்டையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் சிதறிப்போனார்கள். அந்த சிசிடிவி காட்சியையும் தமிழ்நாடு பார்த்தது, மறுவாரமே மறந்தது. சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்துச் சாவுகள் ஆண்டுக்கு ஆண்டு தொடர்கின்றன. ஒவ்வொன்றும் ‘விபத்து’ என்றே செய்தியாகிறது. உரிமம் எடுத்தவர் யார், உள்குத்தகைக்கு விட்டவர் யார், கடைசியாக ஆய்வுக்கு வந்த அதிகாரி என்ன எழுதிவிட்டுப் போனார் என்று அந்தக் கிராமங்களில் தங்கி, இறந்தவர்களின் வீட்டார் சம்மதத்தோடு விசாரித்து, வழக்கு நடக்கும் நீதிமன்றம்வரை பின்தொடர்ந்து போகும் ஒரு கேமரா வேண்டும். அதற்குப் பணம் போட ஓடிடி நிறுவனங்கள் முன்வரமாட்டா. ‘கக்கூஸ்’ படத்துக்குக் கொடுத்தது போல மக்கள்தான் கொடுக்க வேண்டும். அப்படிப் போகிறவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தால், கோபாலுக்காக நீதிமன்றம் வந்த பெரிய பத்திரிகைகள் அவர்களுக்காகவும் வர வேண்டும்.