புகையில்லா அடுப்பும் புகைபோக்கியும்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஆரணிப் பக்கத்திலுள்ள ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் கடன் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சங்கத்தின் சிபாரிசின் பேரில் கடன் பெற்று அங்கத்தினர் சிலர் பெல்லட் அடுப்பு வாங்கியிருந்தனர். வாங்கிய பொருள் வீட்டில் இருக்கிறதா, கடன் உரிய காரியத்துக்குச் செலவாயிற்றா என்று கண்டு படிவத்தில் குறிப்பது என் கடமை. அவ்வாறு சென்ற வீடுகளுள் ஒன்று, தம் தறிகளுக்கும் அண்டை வீட்டார் நாலைந்து பேருக்கும் பட்டு நூலை அவித்துச் சாயம் தோய்த்துக் கொடுக்கும் ஓர் அங்கத்தினருடையது. அடுப்பு புத்தம் புதியதாக, பழுதின்றி இருந்தது. அந்த அடுப்பினால் மூன்று நாள் முன்பு அவ்வீட்டில் மூன்று உயிர்கள் போயிருக்க வேண்டியது என்பதைப் பேச்சுவாக்கில்தான் அறிந்தேன்.

நடந்தது இது. வழக்கமாகப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் அடுப்பை, விடாமழை காரணமாக அன்று உள்ளே, தறி போட்டிருக்கும் அறையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சாரல் படாதிருக்கவும் பாவு நமுத்துப் போகாதிருக்கவும் கதவும் ஜன்னல்களும் சாத்தப்பட்டிருந்தன. நூல் அவித்து முடிந்தது; சுவாலையும் அவிந்தது. அடுப்பினுள் எஞ்சிய கனலை வீணாக்குவானேன் என்று, ஈரம் உலர அதைப் பாவுக்கருகில் தள்ளி வைத்துவிட்டு அங்கத்தினர் தறியில் அமர்ந்தார். சிறிது நேரத்தில் அவருடைய தாயாருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் கண்டன. பித்தம் என்று எண்ணி மருமகள் இஞ்சிச் சாறு கொடுத்தார்; அவருக்கும் தலைவலி. பள்ளியிலிருந்து வந்த பையன் கதவைத் தள்ளித் திறந்தபோது தந்தை தறியின் மேலேயே சாய்ந்து கிடந்தார். அக்கம்பக்கத்தார் மூவரையும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயினர். பிராணவாயு கொடுத்தபின் தேறினர். நான் போனபோதும் அந்த அம்மாள், “பித்தந்தான் தம்பி, வயசாச்சு இல்லே” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் படிவத்தில் ‘கடன் உரிய காரியத்துக்குப் பயன்பட்டுள்ளது’ என்று எழுதுவதற்கு இடமிருந்தது. அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டேன். புகைபோக்கி உண்டா என்று கேட்பதற்கு அப்படிவத்தில் இடமில்லை, நானாகவும் கேட்கவில்லை. அந்தக் குறையின் உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெல்லட் என்பது மரத்தூள், நிலக்கடலைத் தோல், பருத்திக் கட்டை போன்றவற்றை அரைத்து உலர்த்தி, துளையுள்ள எஃகு அச்சின் வழியே பேரழுத்தத்தில் பிதுக்கி எடுக்கும் சிறு குச்சிகளாகும். எழுதுகோல் பருமன், அதாவது 6 முதல் 8 மில்லிமீட்டர். பசை ஏதும் சேர்ப்பதில்லை. மரத்திலேயுள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகிப் பிணைத்துக்கொள்கிறது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெர்ரி விட்ஃபீல்டு என்னும் பொறியாளர் 1980களின் தொடக்கத்தில் வீட்டை வெதுவெதுப்பாக்கும் பெல்லட் அடுப்பை உருவாக்கினார். நம் பக்கம் 2006ஆம் ஆண்டை ஒட்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வைக் கொண்டு செய்யப்பட்ட சமையல் பெல்லட் அடுப்பு தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் விற்றது. பின்னர் பெல்லட் விலை ஏறவே பெரும்பாலான இல்லங்களில் அது பரணுக்குப் போயிற்று. இன்று உணவு விடுதிகளிலும் சிறு பட்டறைகளிலும் பெல்லட் அடுப்பைக் காண்கிறோம்.

எரிவாயு வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று சிலர் வினவலாம். சமையலுக்கு எரிவாயுவே மேல். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பட்டு நூலைச் சவுக்காரமும் சோடாவும் இட்டுக் கொதிநிலையருகே அவிப்பதற்கும், சாயத்தொட்டியைச் சூடாக வைத்திருப்பதற்கும் மணிக்கணக்கில் தீ வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிக்கு விரோதம். வணிகச் சிலிண்டரோ கட்டுப்படியாவதில்லை. (விதிக்கு விரோதமானது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதை ஆய்வாளர்களும் அறிவர்.) ஆகவே பெல்லட் அடுப்பை நான் எதிர்ப்பவனல்லன். எதிர்ப்பது, அடுப்பை மட்டும் வாங்கக் கடன் கொடுத்துவிட்டு, அது நிற்க வேண்டிய இடத்தையும் அதன் புகை போக வேண்டிய வழியையும் அங்கத்தினர் தலையில் விட்டுவிடும் நம் வழக்கத்தை.

இவ்வடுப்பின் இயக்கத்தைச் சற்று விளங்கிக் கொள்ளுதல் நலம். சிறு வகையில், ஒரு கலத்தில் பெல்லட்டை நிரப்பி மேலிருந்து பற்றவைக்கிறோம். சிறு விசிறி கீழிருந்து அளவாகக் காற்றை ஊத, பெல்லட் முழுதும் எரியாமல் எரிவாயுவாக மாறி மேலெழுகிறது. கலத்தின் மேல் துளைகளின் வழியே வரும் இரண்டாம் காற்று அவ்வாயுவை எரிக்கிறது. அதனால்தான் சுவாலை தெளிவாக இருக்கிறது, பாத்திரத்தில் கரி அதிகம் பிடிப்பதில்லை. பெல்லட் முழுதும் வாயுவை இழந்தபின் சுவாலை அவிந்து, கரிக்கனல் மட்டும் எஞ்சுகிறது. கண்ணுக்குப் புகையே தெரியாத இந்தக் கட்டத்தில்தான் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதில்லை. நம் இரத்தத்தின் சிவப்பணு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதனை விரும்பிப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு தூக்கம் என்று வரிசையாக வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமற் போனவர் பலர். விறகடுப்பின் புகையாவது இருமலால் நம்மை வெளியே விரட்டுகிறது. ‘புகையில்லா அடுப்பு’ என்று விற்கப்படும் அடுப்போ அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

“பாட்டி காலத்திலிருந்து நெருப்போடு பழகியவர்கள் நாம், எங்களுக்கா சொல்லித் தரவேண்டும்?” என்று அச்சங்கத்தின் காரியதரிசி கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் பாட்டியின் அடுப்பங்கரை ஓட்டு வீட்டில் இருந்தது. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையே கையளவு சந்து. சுவருக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த வீடு தானே மூச்சுவிட்டது. இன்று அங்கத்தினர் பலர் குடியிருப்பது கான்கிரீட் தளம் போட்ட தொகுப்பு வீடு. ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு. பழைய பழக்கத்தைக் கொண்டு இந்த வீட்டில் தீயை ஆள முடியாது.

இனி, எங்கே எப்படி வைப்பது? புகைபோக்கி இல்லாத சிறு அடுப்பு வீட்டினுள் வரவே கூடாது, மழைக்காலமாயினும் வரக்கூடாது. திறந்த தாழ்வாரத்தின்மேல் இரண்டு தகடு போட்டுக்கொள்வது, அடுப்பை உள்ளே கொண்டு வருவதைவிட எளிது. வைக்கோல், கீற்று, மூங்கில் கழி, உலரும் நூற்சிட்டங்கள் ஆகியவை மூன்றடி தள்ளியிருக்கட்டும். நூற்பிசிறு பறக்கும் தறியறையில் தீக்கு இடமேயில்லை.

பெரிய அடுப்பு வேறு வகை. அதில் பெல்லட் தொட்டி ஒன்றிருக்கும். திருகு ஒன்று பெல்லட்டைக் கொஞ்சங் கொஞ்சமாக எரிகலத்துக்குத் தள்ளும். மின்விசிறி புகையைக் குழாயில் வெளியேற்றும். இங்கே நம் நாட்டுக்கென்றே ஓர் இடர் உண்டு. மின்சாரம் நின்றால் விசிறியும் திருகும் நின்றுவிடும். எரிகலத்திலுள்ள பெல்லட்டோ எரிந்துகொண்டிருக்கும். குழாயைச் சுவரின் வழியே படுக்கையாக வெளியே நீட்டி அதோடு நிறுத்தியிருந்தால், தள்ளுவாரின்றிப் புகை அறைக்கே திரும்பும். குழாய் சுவருக்கு வெளியே சில அடிகளாவது நேராக மேலெழும்பினால், சூட்டின் இயல்பான இழுப்பே புகையை மேலே கொண்டுபோய்விடும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்து, மழை இறங்காமல் தொப்பியும், அடியில் சாம்பல் எடுக்க மூடியுள்ள வாயும் இருக்கவேண்டும். இணைப்புகள் சூடு தாங்கும் பூச்சால் அடைக்கப்படவேண்டும். கீற்றுக் கூரையை ஊடுருவிக் குழாய் விடுவது வீட்டுக்கு நாமே தீ வைப்பதாகும். குழாய் வெளியே போவது போல அறைக்குள் புதுக்காற்று வரவும் வழி வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது பயன் தராது. தரை ஈரமாகவே இருக்கும் சாய அறையில் மின்கம்பிக்கு நில இணைப்பு இல்லாதிருப்பதைப் பல இடங்களில் கண்டேன். அதைத் தனியே ஒரு கட்டுரையாக எழுத வேண்டும்.

பற்றவைக்கும்போது பெட்ரோலோ, அதிகப்படி மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள்; தேங்காய் நார் போதும். எரிந்துகொண்டிருக்கும் சிறு அடுப்பில் மேலும் பெல்லட்டைக் கொட்டினால் சுவாலை அவிந்து புகை கிளம்பும். வேலை முடிந்ததும் கனலுடன் கூடிய கலத்தை வெளியில் வைத்தே ஆறவிடுக. சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் இட்டு, மறுநாள் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்ததை உறுதி செய்த பின்னரே குப்பைக்குழிக்கோ வயலுக்கோ கொண்டு போகலாம். அதனுள் ஒளிந்த கனல் ஒரு நாள் கழித்தும் வைக்கோலைப் பற்றும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. கடலைத் தோலும் பருத்திக் கட்டையும் அவர்கள் நிலத்தில் விளைவன. நல்ல பெல்லட் நீரில் இட்டால் மூழ்கும், ஒடித்தால் ‘படக்’கென்று ஒடியும், ஈரம் ஏறியதோ உதிர்ந்து தூளாகும், எரியாமல் புகையும். உமியில் செய்தது விலை குறைவு, ஆனால் சாம்பல் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். எரிகலத்தின் துளைகள் தினமும் அடைபடும். மர பெல்லட்டைக் குவியலாகப் பூட்டிய அறையில் சேர்த்து வைப்பதிலும் அபாயம் உண்டு. எரியாமலே அது அந்த நச்சு வாயுவை விடும். 2006ஆம் ஆண்டு ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், பெல்லட் ஏற்றிவந்த கப்பலின் படிக்கட்டு அறையில் இறங்கிய மாலுமி ஒருவர் இவ்வாறே மாண்டார். சில மூட்டைகளைக் காற்றோட்டமுள்ள இடத்தில் பலகைமேல் அடுக்கினால் அச்சமில்லை. மொத்தமாக வாங்கிக் கிடங்கில் நிரப்ப எண்ணும் சங்கங்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

1953ஆம் ஆண்டிலேயே ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர், புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பைச் செய்முறையோடு நூலாக வெளியிட்டார். பின்னர் 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டத்தில் நாடெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டன. எண்ணிக்கை குறைவில்லை. வைத்த பின் குழாயில் கரி அடைத்ததா, உடைந்ததா என்று போய்ப் பார்த்தவர்தாம் குறைவு. பல அடுப்புகள் சில ஆண்டுகளில் வெறும் மண்மேடாயின. வீட்டுப் புகையினால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பைக் கொடுப்பதோடு காரியம் முடிந்தது என்ற மனப்பான்மையை நாமும் தொடர்வதா?

என் அபிப்பிராயம் இது. பெல்லட் அடுப்புக் கடனில் புகைபோக்கி, தகட்டுத் தாழ்வாரம், நச்சு வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி ஆகியவற்றின் விலையும் சேரவேண்டும். கடனை இரு தவணையாகப் பிரித்து, இரண்டாம் தவணையை அடுப்பு பொருத்தப்பட்ட இடத்தைப் பார்த்த பிறகே கொடுக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன், குழாய்களைத் துடைக்கச் சங்கமே ஓர் இளைஞரை அமர்த்தவேண்டும். இதனால் கடன் தொகை உச்சவரம்பை மீறும், பத்துப் பேருக்குக் கொடுப்பதை ஏழு பேருக்குத்தான் கொடுக்க இயலும் என்று நிர்வாகக் குழுவினர் ஆட்சேபித்தனர். மெய்தான். ஏழு பேருக்கே கொடுப்போம் என்பது என் பதில். மற்ற மூவர் ஓராண்டு விறகிலேயே நூல் அவிக்கட்டும். அவர்கள் கோபித்துக்கொள்வர், தேர்தலில் அக்கோபம் தெரியவும் கூடும்.

இப்பொருளை வரும் மகாசபையில் தீர்மானமாக வைக்கும்படி அச்சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். படிவத்தில் புகைபோக்கிக்கு ஓர் இடம் சேர்க்கும்படி என் மேலதிகாரிகளுக்கும் எழுதியிருக்கிறேன். அந்தச் சாயக்கார அங்கத்தினர் மகாசபைக்குக் காத்திராமல், பின்கட்டில் தகட்டுக் கூரை போட்டு, அடுப்புக்கு மேல் கூண்டும் குழாயும் பொருத்திவிட்டார். குழாய்க்கான ரசீதைக் கடன் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். இப்போதுள்ள விதிப்படி இயலாது.