பேய் வீட்டில் நிஜப் பேய்!

பொருட்காட்சிக்குப் போனால் பிள்ளைகள் முதலில் இழுத்துக்கொண்டு போவது ராட்டினத்துக்கு. அடுத்தது பேய் வீடு. உள்ளே கும்மிருட்டு. எலும்புக்கூடு பாய்கிறது, மோகினி சிரிக்கிறாள். "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்த குழந்தை, வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் கேட்கிறது. கொடுத்த காசுக்கு அது போதும்.

ஆனால் நிஜப் பேயைப் பார்க்க வேண்டுமானால் கொட்டகையின் பின்பக்கம் போக வேண்டும்!

பல இடங்களில் ஒயரோடு ஒயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி, இரும்புக் கம்பத்திலேயே கட்டிவிடுகிறார்கள். பிளக் கிடையாது. ஒயர் முனையைச் சீவித் துளைக்குள் விட்டு, தீக்குச்சியைச் செருகிவிடுகிறார்கள். பக்கத்திலேயே கறுப்புத் துணி, தெர்மாகோல். கேட்டால், "பத்து நாள் கடைதானே சார், ஒண்ணும் ஆவாது" என்கிறார்கள்.

பத்து நாள் கடை என்று கரண்டுக்குத் தெரியுமா?

ஒயரின் தோல் உரிந்து கம்பத்தில் பட்டால், தகரக் கொட்டகை முழுவதும் மின்சாரம் பாயும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் வேறு தெளித்திருப்பார்கள். இருட்டில் பயந்துபோன பிள்ளை முதலில் எதைப் பிடிக்கும்? சுவரைத்தான்!

ஃபியூஸ் இருக்கிறதே என்று சொல்லலாம். 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச் எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கிறது. சனி, ஞாயிறு கூட்டத்தின் வசூலில் வாங்கிவிடலாம். கூடவே ஒழுங்கான எர்த்தும் வேண்டும்.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1984 மே 11 அன்று நியூஜெர்சியில் உள்ள 'சிக்ஸ் பிளாக்ஸ்' பூங்காவின் பேய்க் கோட்டை எரிந்தது. 8 இளம் உயிர்கள் போயின. உள்ளே ஒரு விளக்கு பழுதாகிக் கிடந்ததாகவும், வழி தேட ஒரு பையன் கொளுத்திய லைட்டரால் சுவரில் இருந்த பஞ்சு மெத்தை பற்றிக்கொண்டதாகவும் சொல்லப்பட்டது. ஆக, ஒரு விளக்கு எரியாததும் ஆளைக் கொல்லும்!

வேறெங்கே புகை வந்தாலும் ஜனங்கள் ஓடுவார்கள். பேய் வீட்டில், "சூப்பர்டா!" என்று நின்று பார்ப்பார்கள். அலறினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் அமெரிக்கச் சட்டம், அபாய மணி அடித்ததும் பேய்ச் சத்தம் நின்று, எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும் என்கிறது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சீட்டுக் கிழிப்பவர் கைக்கெட்டும் இடத்தில் பேயை நிறுத்த ஒரு சுவிட்ச். வழி நெடுக பேட்டரி விளக்கு. புகை விடும் மெஷினுக்குத் தனியாகத் தடித்த ஒயர். இதற்கா காசில்லை?

கண்காட்சி திறக்கும் முன் மின் ஆய்வாளரும் தீயணைப்பு அதிகாரியும் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டால் போதாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு தடவை போய் வர வேண்டும். பேய் வேஷம் போடுகிற ஆளையும் கூப்பிட்டு விசாரிக்கட்டும். எந்தக் கம்பத்தில் ஷாக் அடிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.