கேட் புஷ் எங்களுக்குக் கடன்காரி இல்லை

2022 ஜூன் மாதம். ஏ.எல். எழுதி முடிச்சிட்டு ரிசல்ட் எப்ப வரும் எப்ப வரும் என்று வீட்டில் இருந்த காலம். அப்பாவின் மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க நானும் தம்பியும் ஆளை மாத்தி ஆள் வரிசையில் நிற்போம். கரண்டும் அடிக்கடி போகும் என்பதால் போனில் சார்ஜைப் பார்த்துப் பார்த்துத்தான் பாவிப்பது. அப்படி ஒரு பின்னேரம் தம்பி இயர்ஃபோனின் ஒரு பக்கத்தை என் காதில் செருகி, "அக்கா, இதைக் கேள்" என்றான். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசனில் வந்து, ரீல்ஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு.

"ஆர் பாடினது?"

"தெரியேல்லை. ஆரோ புது ஆள் போல."

அந்தப் புது ஆளுக்கு அப்போது 63 வயது. பாட்டு வந்தது 1985 இல். எங்கட அம்மா அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளை.

பாட்டின் பெயர் 'ரன்னிங் அப் தட் ஹில்'. பாடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கேட் புஷ். 1985 இல் பிரித்தானியத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரைக்கும் போன பாட்டு அது. 37 வருஷம் கழித்து, நாங்கள் வரிசையில் நின்ற அதே ஜூனில், முதலாம் இடத்துக்கு வந்தது. அதற்கு முன் அவர் முதலாம் இடத்தில் இருந்தது 1978 இல், 19 வயதில், 'வதரிங் ஹைட்ஸ்' பாட்டோடு. தானே எழுதிய பாட்டைப் பாடி அங்கே முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். இரண்டு முதலிடங்களுக்கும் இடையில் 44 வருஷம். அதுவரை வேறு எவருக்கும் அவ்வளவு நீண்ட இடைவெளி இருந்ததில்லை.

பாட்டுப் பிடித்துப்போய் அவரின் மற்ற அல்பங்களையும் தேடிக் கேட்கத் தொடங்கினேன். தேடத் தேட ஒரு விஷயம் தெரிந்தது. கடைசியாக வந்த புது அல்பம் 'ஃபிஃப்டி வேர்ட்ஸ் ஃபோர் ஸ்னோ', 2011 நவம்பர். அதற்குப் பிறகு புது அல்பமே இல்லை. "அப்ப அடுத்தது எப்ப?" என்று நானும் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்ட நேரமே, நான் பிறக்க முந்தியே தொடங்கின ஒரு நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டேன் என்று இப்போது விளங்குது.

கேட் புஷ்ஷின் ரசிகர்கள் காத்திருப்பதில் பழகினவர்கள். 1993 இல் 'த ரெட் ஷூஸ்' வந்தது. அடுத்த அல்பம் 'ஏரியல்' வரும்போது 2005. இடையில் 12 வருஷம். அந்த இடைவெளி எவ்வளவு பேர்போனது என்றால், 2004 இல் 'வெயிட்டிங் ஃபோர் கேட் புஷ்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் வெளிவந்தது. மேடைக் கதை அதைவிட மோசம். 1979 இல் ஒரே ஒரு சுற்றுப்பயணம். அதற்குப் பிறகு முழு நிகழ்ச்சி என்றால் 2014 இல் லண்டன் ஹமர்ஸ்மித்தில் நடந்த 22 இரவுகள்தான். 35 வருஷ இடைவெளி. ரிக்கெற் விற்பனைக்கு விட்டுக் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துபோனது. வந்தவர்களிடம் போனில் படம் எடுக்க வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அந்த இரவுகளின் ஒலிப்பதிவு 2016 இல் வந்தது. முழு வீடியோ வரவில்லை. அதுக்கும் ஒரு கூட்டம் காத்துக்கொண்டுதான் இருக்கு.

இப்படிக் காத்திருக்கிறவர்கள் பேசுவதைக் கவனித்தால் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும். "இவ்வளவு வருஷமாக் காத்திருக்கிறம், எங்களுக்கு ஏதாவது தர வேணும்." எனக்கு இந்த வசனத்தோடுதான் பிரச்சினை.

பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இது லேசில் விளங்கும். வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கு. நான் உனக்கு முதல் வந்தேன், ஆகவே எனக்கு முதல் கிடைக்க வேண்டும். ஆறு மணித்தியாலம் நின்ற ஆளுக்கு மேல் புதிதாக வந்தவர் புகுந்தால் சண்டை வரும், வரத்தான் வேணும். அங்கே காத்திருந்த நேரமே உரிமை. ஏனெண்டால் பெற்றோல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் போகேலாது, வேலைக்கும் போகேலாது. நாங்கள் கேட்டது எங்களுக்குச் சேரவேண்டிய ஒன்றைத்தான்.

ஒரு பாடகிக்காகக் காத்திருப்பது அப்படி இல்லை. அங்கே வரிசையும் இல்லை, ரோக்கனும் இல்லை. 13 வருஷம் காத்திருந்த ஆளுக்கும் நேற்று ரீல்ஸில் கேட்ட ஆளுக்கும் உரிமை ஒன்றுதான். அதாவது ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் காசு கொடுத்தது வந்த அல்பத்துக்கு. வராத அல்பத்துக்கு ஒருவரும் முற்பணம் கட்டவில்லை.

கம்பஸில் இதைச் சொன்னபோது ஒரு நண்பி மடக்கினாள். "ரசிகர்கள் இல்லாட்டி அவ ஆர்? 2022 இல சின்னப் பிள்ளையள் எல்லாரும் கேட்டதாலதானே அந்தப் பாட்டுக்கு இவ்வளவு காசு வந்தது? அப்ப ஒரு பொறுப்பு இல்லையா?" நல்ல கேள்வி. ரசிகர்களுக்கு மரியாதை கொடுக்கிற பொறுப்பு இருக்கு என்று நானும் நினைக்கிறேன். அதை அவர் கொடுத்துத்தான் வருகிறார். ஒவ்வொரு நத்தாருக்கும் தன் இணையத்தளத்தில் ஒரு வாழ்த்து எழுதுவார். 2022 இல் இளம் ரசிகர்களுக்கு நன்றி சொல்லி எழுதினார். ஆனால் மரியாதை வேறு, உற்பத்தி வேறு. நன்றி சொல்லுகிற கடமை இருக்கிறபடியால் புதுப்பாட்டுப் போடுகிற கடமையும் இருக்கு என்றால், அது அன்பு இல்லை, முதலாளித்தனம்.

அவசரப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அவரின் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கு. முதல் அல்பம் 'த கிக் இன்சைட்' 1978 பெப்ரவரியில் வந்தது. பெரிய வெற்றி. அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே வருஷம் நவம்பரில் இரண்டாவது அல்பம் 'லயன்ஹார்ட்'. அதற்குப் போதுமான நேரம் கிடைக்கவில்லை என்று பின்னாட்களில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நேரத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். 1983 அளவில் பெற்றோரின் பண்ணை வீட்டிலேயே சொந்தமாக ஒரு ஸ்டூடியோ அமைத்தார். மணித்தியாலக் கணக்கில் வாடகை கட்டத் தேவையில்லை, ஒருவரும் கதவைத் தட்டமாட்டார்கள். அங்கே உருவானதுதான் 1985 இன் 'ஹவுண்ட்ஸ் ஒஃப் லவ்'. நானும் தம்பியும் வரிசையில் கேட்ட பாட்டு அந்த அல்பத்தின் முதல் பாட்டு. அவசரமில்லாமல் செய்ததால்தான் அது 37 வருஷம் தாங்கினது என்று நான் நம்புகிறேன்.

பிந்தி வருவது எல்லாம் பொன்னாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. 'ஏரியல்' வந்து ஆறு வருஷம் கழித்து 'டிரெக்டர்ஸ் கட்' வந்தது. பழைய இரண்டு அல்பங்களின் பாட்டுகளை எடுத்துத் திரும்பச் செய்திருந்தார். எனக்கு அது பெரிதாக ஒட்டவில்லை. காத்திருந்தவர்களில் பலருக்கும் ஏமாற்றம். பரவாயில்லை. பிடிக்காத ஒன்றைச் செய்யும் உரிமையும் அவருக்கு இருக்கு, பிடிக்கேல்லை என்று சொல்லும் உரிமை எங்களுக்கும் இருக்கு. ரசிகருக்குள்ள உரிமை அதுதான், வந்த பிறகு கதைக்கிறது.

அந்த 12 வருஷ இடைவெளியைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பிள்ளையை வளர்ப்பதில்தான் பெரும்பகுதி நேரத்தைச் செலவழித்தார். பிரித்தானியப் பத்திரிகைகளோ அவரை ஒரு மர்ம மனுஷியாக எழுதின. பைத்தியம் பிடித்துவிட்டதோ, வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறாரோ என்றெல்லாம் கதை கட்டினார்கள். ஒரு பெண் கொஞ்சக் காலம் கண்ணுக்கு முன்னால் இல்லையென்றால் "அவளுக்கு என்னவோ நடந்திட்டுது" என்று கதைக்கிற பழக்கம் எங்கட ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். இல்லைப் போல.

பிறகு 'ஏரியல்' வந்தது. இரட்டை அல்பம். அதில் என்ன இருந்தது தெரியுமா? மகனைப் பற்றி ஒரு பாட்டு. உடுப்புத் தோய்க்கிற மெசினைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. கணிதத்தில் வரும் பை என்ற எண்ணின் இலக்கங்களை வரிசையாகப் பாடும் ஒரு பாட்டு. இரண்டாவது தட்டு முழுவதும் பறவைச் சத்தங்களோடு ஒரு பின்னேரம் இரவாகி அடுத்த விடியலுக்குப் போகிறது. வீட்டில் இருந்த வருஷங்கள்தான் அதற்குள் இருக்கு. அந்த வருஷங்களைக் குறைத்திருந்தால் அந்த அல்பமும் குறைந்திருக்கும். 2011 அல்பத்தின் முதல் பாட்டான 'ஸ்னோஃப்ளேக்'கில் மகனும் சேர்ந்து பாடுகிறான். அவன் குரல் உடைய முந்தி அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று நினைத்தே அந்தப் பாட்டை எழுதினாராம்.

2024 ஒக்ரோபரில், அதே 'ஸ்னோஃப்ளேக்' பாட்டுக்கு அவரே எழுதி இயக்கிய ஒரு சின்ன அனிமேஷன் படத்தை வெளியிட்டார். போர் நடக்கும் நகரத்துக்குள் அலையும் ஒரு சின்ன மூஞ்சூறின் கதை. போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் 'வோர் சைல்ட்' அமைப்புக்காகச் செய்தது. அது தொடர்பாக பிபிசிக்குக் கொடுத்த நேர்காணலில், புது அல்பம் ஒன்றில் வேலை தொடங்க ஆசையாக இருக்கு, நிறைய யோசனைகள் இருக்கு என்ற மாதிரிச் சொன்னார். அவ்வளவுதான். அந்தச் செய்தியைப் பார்த்ததும் "புது அல்பம் வருதாம்" என்று நானே குழுவுக்குள் போட்டேன். வருது என்று அவர் சொல்லவே இல்லை. செய்ய ஆசை என்றுதான் சொன்னார். படத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது அடுத்த நாள்தான் உறைத்தது. கையில் கொடுத்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொடுக்காததைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் பெயர் ஒரு புது அல்பத்தில் வந்தது. 2025 பெப்ரவரியில். பெயர் 'இஸ் திஸ் வட் வீ வோன்ட்?' 12 தடங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்தது. ஆனால் அதில் பாட்டு இல்லை. ஆட்களே இல்லாத ஸ்டூடியோக்களின் சத்தம் மட்டும். கலைஞர்களின் அனுமதி கேட்காமலே அவர்களின் படைப்புகளை ஏஐக்குப் படிப்பிக்கக் கொடுக்க வழிவிடும் பிரித்தானிய அரசாங்கத்தின் யோசனையை எதிர்த்துச் செய்தது. 12 தலைப்புகளையும் சேர்த்து வாசித்தால், ஏஐ கம்பனிகளின் லாபத்துக்காக இசைத் திருட்டைச் சட்டமாக்காதே என்ற ஒரே வசனம் வரும். 13 வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த ரசிகர்களுக்குக் கேட் புஷ் பெயரோடு கிடைத்தது வெறும் அமைதி.

முதலில் சிரிப்பு வந்தது. யோசிக்க யோசிக்கப் பயம் வந்தது. ஏனெண்டால் இனிமேல் ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காலம் வருகிறது. 2023 ஏப்ரலிலேயே ட்ரேக்கும் த வீக்கெண்டும் பாடின மாதிரி, அவர்கள் பாடாத ஒரு பாட்டு ஏஐ குரலில் வந்து பரவினது. அதே மாதிரி நாளைக்குக் கேட் புஷ்ஷின் குரலில் வாரத்துக்கு ஒரு 'புது அல்பம்' செய்யலாம். கேட்க ஆட்களும் இருப்பார்கள். "எங்களுக்கு ஏதாவது தர வேணும்" என்று கேட்கிற ரசிகருக்கு அந்த மெசின் சந்தோசமாகத் தரும். கேட்டது கேட்ட உடனே கிடைக்க வேண்டும் என்ற பழக்கத்தை எங்களுக்குள் நாங்களே வளர்த்துவிட்டு, பிறகு ஏஐ கலைஞர்களின் வயித்தில அடிக்குது என்று கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை.

2022 இல் போத்தலில் அடைத்து பிளாக்கில் வித்த பெற்றோலை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கத் தேவையில்லை, கையில் காசு இருந்தால் போதும். உள்ளே எவ்வளவு மண்ணெண்ணெய் கலந்திருக்கு என்பது சைக்கிள் நடுவழியில் நிக்கும்போதுதான் தெரியும். போலிக் குரலும் அப்படித்தான். சத்தம் அதே சத்தமாக இருக்கும். உள்ளே பிள்ளை வளர்த்த ஒரு தாய் இருக்கமாட்டார்.

அப்ப ரசிகர்கள் என்ன செய்யிறது, கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா? இல்லை. அவர்கள் அப்படி இருந்ததும் இல்லை. 1982 இல் சில ரசிகர்கள் 'ஹோம்கிரவுண்ட்' என்று சொந்தமாகவே ஒரு சஞ்சிகை தொடங்கிப் பல வருஷம் நடத்தினார்கள். இப்போதும் உலகின் பல நகரங்களில் ஆண்டுதோறும் ஒரு நாள், ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சிவப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு பூங்காக்களில் கூடி 'வதரிங் ஹைட்ஸ்' நடனத்தை ஆடுகிறார்கள். கேட் புஷ் அதற்கு வருவதில்லை, வர வேண்டும் என்று ஒருவரும் கேட்பதும் இல்லை. இருக்கிற பாட்டை வைத்துத் தாங்களே ஒன்றைச் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த காத்திருப்பு அதுதான்.

அன்றைக்கு எங்களுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. முறை வர ஒரு இருபது பேர் இருக்கும்போது முடிந்துவிட்டது என்றார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அந்தக் கோபம் இன்னும் இருக்கு, அது நியாயமான கோபம். பாட்டுக்காக அப்படிக் கோபப்பட நான் தயாரில்லை.

தம்பி இப்பவும் இடைக்கிடை கேட்பான், "அக்கா, உங்கட ஆள் ஏதும் புதுசா விட்டவவோ?" இல்லை என்பேன். கேட் புஷ்ஷின் ஸ்டூடியோ அல்பங்கள் மொத்தம் பத்து. அதில் நான் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒழுங்காக இருந்து கேட்டது ஆறுதான். இன்னும் நாலு கிடக்கு. எனக்கு இப்ப ஒரு அவசரமும் இல்லை.